மாற்றலாகிச் சென்றோர்

"ஒரே ஒரு ஆள்தானே குறையுது. அதுக்காகவா ரெண்டு நாளா இந்த வீட்டுல யாரும் வாயைத் திறக்கல?"

கணவர் சட்டையின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு முன்னறை வாசலில் நின்றார். உள்ளே கால் வைக்க இடமில்லை. இருபத்துநான்கு பள்ளிகளின் பதிவேட்டு நகல்கள் கட்டுக்கட்டாகத் தரை முழுக்கக் கிடந்தன. நடுவில் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளியில் விடுப்பு எடுத்து ஆய்வு செய்துகொண்டிருந்த அவர் மனைவி டீச்சர் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு ஆள் குறைஞ்சா மொத்த அட்டவணையும் தப்பு."

"யாராவது ஒருத்தியைக் கற்பனையா சேர்த்துக்கோயேன். மூவாயிரம் பேர்ல யார் வந்து எண்ணப் போறா?"

"எண்ணித்தான் திருப்பி அனுப்பியிருக்காங்க," என்றாள் அவள், தலை நிமிராமல்.

வெளித்தேர்வாளர் அவளுடைய ஆய்வேட்டைப் படித்துவிட்டு ஒன்றரைப் பக்கம் பாராட்டி எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி. நான்காம் இயல், ஆறாம் அட்டவணையில் மொத்த மாணவியர் 3112 என்று இருக்கிறது, கூட்டினால் 3111 வருகிறது, சரிபார்க்கவும். வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. அந்தத் தேர்வு முடிந்தால் அவள் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்ளலாம்.

சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருகும் வாடை வந்தது. குழந்தை வீறிட்டது. "சுண்டு" என்று இருவரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள்.

சுண்டு வந்தாள். இடுப்பில் மூன்று வயதுக் குழந்தை, இன்னொரு கையில் அடுப்புத் துணி. கணவருடைய அக்காவின் மகள் அவள். பிறந்தபோது ஒரு சாண் அளவே இருந்தாளாம், தாய்மாமன் வைத்த செல்லப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது பதினாறு நடக்கிறது, மாமனின் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள்.

"அடுப்பை அணைச்சுட்டேன் மாமா. உங்க இன்னொரு கை இன்னும் வெளியிலயே இருக்கு, பாருங்க."

அவர் சிரித்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பிரிவில் வேலை. வாசலைத் தாண்டும்போது, "ராத்திரிக்குள்ள அந்த ஒருத்தியைக் கண்டுபிடிச்சுக் குடுத்துடு சுண்டு, புண்ணியமாப் போகும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழந்தைக்குச் சோறு ஊட்டித் தூங்கவைத்துவிட்டு சுண்டு முன்னறைக்கு வந்தாள். இது அவளுக்குப் பழகிய வேலை. கடந்த ஒரு வருடமாகப் பதிவேடுகளை அவள் வாசிப்பாள், டீச்சர் கணினியில் ஏற்றுவாள். எந்தத் தலைமையாசிரியரின் கையெழுத்தில் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருக்கும் என்பதுகூட சுண்டுவுக்குத் தெரியும். மாணவிகளின் பெயர்கள் மட்டும் அவளுக்குத் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது. ஆய்வு விதிப்படி பெயர்களின் மேல் பள்ளியிலேயே கறுப்பு மை அடித்துத்தான் நகல் தருவார்கள். வரிசை எண், பிறந்த தேதி, வருட முடிவில் என்ன ஆனாள் என்பது, இவ்வளவுதான் இருக்கும்.

என்ன ஆனாள் என்பதற்கு மூன்றே விடைகள். தேர்ச்சி. இடைநிற்றல். மாற்றல். வேறு பள்ளிக்கு மாறிப் போகிறவளுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்பி, பதிவேட்டில் மாற்றல் என்று எழுதுவார்கள்.

பதினேழாவது கட்டை எடுத்தபோது மதியம் ஆகியிருந்தது.

"இருபத்தெட்டு, தேர்ச்சி. இருபத்தொன்பது, இடைநிற்றல். முப்பது, தேர்ச்சி. முப்பத்தொண்ணு, மாற்றல். முப்பத்திரண்டு..."

"நில்லு. முப்பத்தொண்ணு எங்க இருக்கு? என்கிட்ட முப்பதுக்கு அப்புறம் முப்பத்திரண்டுதான் இருக்கு. இந்தக் கட்டை மட்டும் நான் தனியா ஏத்தினது."

சுண்டு தாளைத் திருப்பிக் காட்டினாள். முப்பத்தொன்றாம் வரியின் மேல் யாரோ சிவப்பு மையில் கோடு இழுத்திருக்கிறார்கள். நகலில் அது கறுப்பாக விழுந்து, அடுத்தடுத்த வரிகளைப் பிரிக்கும் கோடு போலத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால்தான் உள்ளே எழுத்து இருப்பது புரியும்.

"கிடைச்சுட்டா," என்றாள் டீச்சர். இரண்டு நாளாக இறுகியிருந்த தோள்கள் தளர்ந்தன. சுண்டுவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "உன் கண்ணு கண்ணுதான் போ. நானா இருந்தா இன்னும் பத்துத் தடவை பார்த்தாலும் விட்டிருப்பேன். எப்படிடி படிச்சே அதை?"

"படிக்கல அத்தை. தெரியும்." சுண்டு தாளைக் கட்டுக்குள் வைத்து ஓரங்களைத் தட்டி நேராக்கினாள். "மூணு வருஷம் அந்த நம்பருக்குத்தானே உள்ளேன் சொல்லிட்டு இருந்தேன்."

டீச்சர் கட்டின் மேலிருந்த சீட்டைப் பார்த்தாள். பள்ளி எண் பதினேழு. நாத்தனார் ஊர்ப் பள்ளி. அங்கே தங்க இடம் உண்டு என்பதற்காகவே அதை ஆய்வில் சேர்த்திருந்தாள். கணினித் திரையில் கட்டம் காலியாக மினுங்கிக்கொண்டிருந்தது.

"போடுங்க அத்தை," என்றாள் சுண்டு. "மாற்றல்."

டீச்சர் போட்டாள். மொத்தம் 3112 என்று வந்தது.

*

சுண்டுவின் மாற்றுச் சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று டீச்சர் தேட வேண்டியிருக்கவில்லை. காகிதங்களைத் தொலைக்கிறவள் இல்லை அவள். பீரோவின் மேல்தட்டில், தன் பட்டச் சான்றிதழ்கள் இருக்கும் கோப்பில், கண்ணாடி உறைக்குள் மடிப்புக்கூட விழாமல் இருந்தது. நன்னடத்தை. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி. வகுப்பில் மூன்றாம் இடம்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் நாத்தனார்தான் அதையும் சுண்டுவையும் கொண்டுவந்து விட்டாள். தையல் ஆலையில் வேலை அவளுக்கு. கணவன் இல்லை. "உனக்கும் கைக்குழந்தை, பெரிய படிப்பு வேற. இவ ஒத்தாசைக்கு இருக்கட்டும். இங்க ஸ்கூலும் பெருசு. காலையில படிக்கட்டும், சாயந்தரம் குழந்தையைப் பார்த்துக்கட்டும்," என்றாள். எல்லோரும் உண்மையாகத்தான் பேசினார்கள். டீச்சர் மறுநாளே தெருமுனைப் பள்ளிக்குப் போய் விண்ணப்பம் வாங்கி வந்தாள். அந்த வாரம் குழந்தைக்குக் கக்குவான் வந்தது. மூன்று வாரம் நீடித்தது. அதற்குள் சேர்க்கைத் தேதி போய்விட்டது. அடுத்த வருடம் சேர்த்துவிடலாம் என்றார்கள். அடுத்த வருடம் களப்பணி. குழந்தையை விட்டுவிட்டுப் போக முடியவில்லை, பால் மறக்காத குழந்தை. ஆகவே சுண்டுவும் கூட வந்தாள்.

இருபத்துநான்கு பள்ளிகளுக்கும் வந்தாள். உள்ளே தலைமையாசிரியரின் அறையில் டீச்சர், பெண்பிள்ளைகள் ஏன் படிப்பை நிறுத்துகிறார்கள் என்று கேள்வித்தாளை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். வெளியே தாழ்வாரத்தில் சுண்டு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நடப்பாள். ஒருமுறை ஒரு பள்ளியில் ஆசிரியை ஒருத்தி அவளை, "எந்த கிளாஸ் நீ? குழந்தையைத் தூக்கிட்டு வரக்கூடாதுன்னு தெரியாது?" என்று அதட்டினாள். திரும்பும் வழியில் பேருந்தில் அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரித்தார்கள்.

தான் கெட்டவளாக இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும் என்று டீச்சர் நினைத்தாள். அவள் சுண்டுவைக் கை நீட்டி அடித்ததில்லை. தனக்கு எடுக்கும் துணியைத்தான் அவளுக்கும் எடுத்தாள். தெருவில் ஒருத்தி, "வேலைக்கு நல்ல பொண்ணாக் கிடைச்சிருக்கா" என்றபோது கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க அக்கா பொண்ணுங்க. வேலைக்காரின்னு யார் சொன்னது?" என்றார். வேலைக்காரி என்றால் மாலையில் வீட்டுக்குப் போயிருப்பாள், வாரத்தில் ஒரு நாள் விடுமுறை கேட்டிருப்பாள். அக்கா மகள் எங்கே போவாள்?

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் ஒரு காணிக்கை வரி இருந்தது. 'நான் படிப்பதற்காகத் தன் படிப்பை நிறுத்திக்கொண்ட என் அக்காவுக்கு.' அம்மா வேலைக்குப் போக, தம்பி தங்கைகளை அக்கா பார்த்துக்கொண்டாள். அந்த வரியைத் தட்டச்சு செய்தபோது டீச்சர் அழுதாள். அன்றைக்கு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்து, "ஏன் அத்தை அழறீங்க?" என்று கேட்டவள் சுண்டு.

*

தெருமுனைப் பள்ளியின் தலைமையாசிரியை டீச்சரோடு முன்பு வேலை பார்த்தவள். சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"இதை அந்த வருஷமே குடுத்திருக்கணும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"தெரியும்."

"வழியே இல்லைன்னு சொல்லல. மனு எழுதித் தாங்க, மேல அனுப்பறேன். ஆனா ஒன்பதாவதுலதான் உக்கார வைக்க முடியும். அவ வயசுப் பிள்ளைங்க பதினொண்ணாவதுல இருக்காங்க. வருவாளா?"

வீட்டுக்கு வந்து சொன்னபோது சுண்டு துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். குழந்தையின் சின்னச் சட்டைகளை உதறி உதறிக் கொடியில் போட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேணாம் அத்தை," என்றாள்.

"ஏண்டி?"

"பதிமூணு வயசுப் பிள்ளைங்க எல்லாம். என்னை அக்கான்னு கூப்பிடுவாங்க."

"கூப்பிட்டா என்ன?"

"வீட்டுலயும் அக்கா, அங்க போயும் அக்காவா?" அவள் சிரிக்க முயன்றாள். "கணக்கெல்லாம் மறந்து போச்சு. போன வாரம் சும்மா ஒண்ணு போட்டுப் பார்த்தேன், வரல."

"நான் சொல்லித் தரேன். தனித்தேர்வா எழுதலாம். வாய்மொழித் தேர்வு முடிஞ்சதும் தினமும் சாயந்தரம்..."

சுண்டு அடுத்த சட்டையை உதறினாள். போன வருடமும் இதே கொடியடியில், ஆய்வேடு முடிந்ததும் தினமும் சாயந்தரம் என்று சொன்னது டீச்சருக்கே நினைவு வந்தது. அவள் வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

"முதல் வருஷம் சொல்லியிருந்தீங்கன்னா ஓடியிருப்பேன் அத்தை," என்றாள் சுண்டு, காலிப் பக்கெட்டை எடுத்துக்கொண்டு. குரலில் கோபம் இல்லை. பேருந்தைத் தவறவிட்ட ஒருத்தி நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். "ரெண்டாவது வருஷமும்கூட."

*

இனித் தொட வேண்டியது அட்டவணையை. டீச்சர் அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான்கு வருடம் அவள் கட்டிய ஆய்வு அந்த ஒரு பக்கத்தின்மேல்தான் நின்றது. புதிய கொள்கை வந்த ஐந்து வருடத்தில் பெண்களின் இடைநிற்றல் பாதியாகக் குறைந்திருக்கிறது என்பது அவளுடைய முடிவு. அது எண்களில் தெளிவாக இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் இன்னொன்றும் தெளிவாக இருந்தது, அவள்தான் பார்க்கவில்லை. அதே ஐந்து வருடத்தில் மாற்றல் இரண்டு மடங்காகியிருந்தது. இடைநிற்றல் கூடினால் தலைமையாசிரியர் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது கொள்கை. மாற்றலுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. மாற்றலாகிச் சென்றோர் 214 பேர். கீழே அவளே எழுதிய குறிப்பு: 'இவர்கள் வேறு பள்ளியில் கல்வியைத் தொடர்வதால் இடைநிற்றல் கணக்கில் சேர்க்கப்படவில்லை.'

இப்போது 215.

பதினேழாம் எண் பள்ளியின் எழுத்தர் நல்ல மனிதர். அந்த ஐந்து வருடத்தில் மாற்றல் வாங்கிய பன்னிரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று விசாரித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். இரண்டு நாள் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்தார்.

"மூணு பேர் படிக்கிறாங்க டீச்சர். மத்த ஒன்பதும் இல்லை. ஒருத்தி சித்தி வீட்டுல, ஒருத்தி அண்ணிக்குப் பிரசவம்னு போனா, அப்படியே இருக்கா. ஒருத்தியை ஒரு டாக்டர் வீட்டுல விட்டிருக்காங்க, சொந்தம்தான். ஸ்கூல் மாறலை, வீடுதான் மாறுச்சு." பிறகு சற்றுத் தயங்கி, "உங்க வீட்டுப் பொண்ணையும் சேர்த்துத்தான் ஒன்பது சொன்னேன். சேர்த்துக்கலாம்ல?" என்றார்.

"சேர்த்துக்கோங்க," என்றாள் டீச்சர்.

வழிகாட்டிப் பேராசிரியர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கொடுமைக்காரர் அல்ல. சொந்தப் புத்தகங்களை மாணவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்காத மனிதர்.

"அம்மா, நீங்க எண்ணினதுல தப்பு இல்லை. துறையே அப்படித்தான் எண்ணுது. இப்ப இதைக் கையில எடுத்தீங்கன்னா, மத்த இருபத்துமூணு பள்ளியிலயும் தேடணும். ஒரு வருஷம் ஆகும். அதுக்குள்ள உங்க விடுப்பு முடிஞ்சுடும்."

"ஆனா முடிவு தப்பா இருக்கே சார்."

"முதல்ல பட்டத்தை வாங்குங்க. அப்புறம் தனிக் கட்டுரையா எழுதுங்க. நல்ல கட்டுரையா வரும்." அவர் பரிவோடுதான் சொன்னார். "அந்தப் பொண்ணு வீட்டுலயே இருக்கிறதால உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கு. அது வேற, ஆய்வு வேற."

அன்று மாலை கணவரிடம் சொன்னாள். அவர் வெகுநேரம் செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

"நாம என்ன அவளைக் கட்டிப்போட்டா வச்சிருந்தோம்? அவளுக்கு இங்க என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூடம்தான் இல்லை."

"இதைப் போய் அங்க நாலு பேர் முன்னால சொல்லப் போறியா?" குரலைத் தாழ்த்தினார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. "அக்கா வேற வராங்க, நீ பட்டம் வாங்கறதைப் பார்க்க. நேத்துகூட போன்ல, உன் பொண்டாட்டி டாக்டராயிட்டா என் பொண்ணுக்கு ஒரு வழி பொறந்துடும்னு சொன்னாங்க. அவங்க தலையில கல்லைத் தூக்கிப் போடாதே."

என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் கவனித்ததெல்லாம் ஒன்றுதான். ஒரு நாளில் தான் எத்தனை முறை சுண்டு என்று கூப்பிடுகிறோம் என்பது. முதல் நாள் நாற்பதுக்கு மேல் போனது. எண்ணிக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டாள்.

*

துறையின் மூன்றாம் மாடி அரங்கில் நாற்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் பேராசிரியர்கள், நடுவில் ஆய்வு மாணவர்கள், கடைசி வரிசையில் குடும்பம். நாத்தனார் இரண்டு பேருந்து மாறி வந்திருந்தாள். புதிதாகத் தைத்த உடையில் ஊசி வைத்த இடத்தில் நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பக்கத்தில் சுண்டு, மடியில் குழந்தை.

டீச்சர் நாற்பது நிமிடம் பேசினாள். குரல் நடுங்கவில்லை. பதினொரு வருடம் வகுப்பில் பேசிய குரல். ஆறாம் அட்டவணை திரையில் வந்தபோது மட்டும் ஒரு கணம் நின்றாள். பிறகு கடந்து போனாள். முடிவுகளைச் சொன்னாள். கை தட்டினார்கள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று அவளுக்குள் ஏதோ ஒன்று ஆறுதலாகச் சொன்னது. அந்த ஆறுதல் எவ்வளவு இனிமையாக இருந்தது என்பதை அவள் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை.

வெளித்தேர்வாளர் எழுந்தார். முடி நரைத்த, கனிவான முகமுள்ள பெண்மணி. சில கேள்விகள் கேட்டார், எல்லாமே விடை தெரிந்த கேள்விகள். கடைசியாகக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அந்த ஆறாவது அட்டவணை, சரியாயிடுச்சா?" என்றார்.

ஆயிடுச்சு என்று ஒரு சொல் போதும்.

"மொத்தம் சரியாயிடுச்சு மேடம்," என்றாள் டீச்சர். "முடிவுதான் தப்பு."

அரங்கில் நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. வழிகாட்டி கையிலிருந்த பேனாவை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"மாற்றல்னு போட்ட 215 பேரும் வேற பள்ளியில படிக்கிறாங்கன்னு எழுதியிருக்கேன். அது எனக்குத் தெரியாது. நான் தேடிப் பார்க்கல. ஒரே ஒரு பள்ளியில பன்னிரண்டு பேரைத் தேடினேன். ஒன்பது பேர் படிக்கல. சொந்தக்காரங்க வீட்டுல குழந்தை பார்த்துட்டு இருக்காங்க." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அதுல ஒருத்தி என் வீட்டுல இருக்கா. இந்த ஆய்வேட்டை நான் எழுதி முடிச்சது அவ என் குழந்தையைப் பார்த்துக்கிட்டதாலதான். அவளோட சான்றிதழ் என் பீரோவுல இருக்கு. இதைச் சொல்லாம இந்தப் பட்டத்தை வாங்க முடியல."

சொல்லிவிட்டுக் கடைசி வரிசையைப் பார்த்தாள். கணவர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. முதல் கேள்வியின்போதே குழந்தை சிணுங்கத் தொடங்கிவிட்டது. யாருக்கும் தொந்தரவாகக் கூடாது என்று சுண்டு அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், தாழ்வாரத்தில், தோளில் தட்டிக்கொண்டே போவதும் வருவதுமாக அவள் நிழல் தெரிந்தது.

நடுவர்கள் பத்து நிமிடம் தங்களுக்குள் பேசினார்கள். பிறகு வெளித்தேர்வாளர் எழுந்து அறிவித்தார். ஆய்வாளரின் நேர்மை பாராட்டத்தக்கது. இந்த வரம்பை ஓர் அடிக்குறிப்பாகச் சேர்த்துவிட வேண்டும். அந்த ஒரு திருத்தத்தோடு பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறோம். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. முதல்முறை தட்டியதைவிடப் பலமாகத் தட்டினார்கள்.

"எத்தனை வரியில மேடம்?" என்று டீச்சர் கேட்டாள்.

"மூணு வரி போதும்," என்றார் அவர் அன்போடு.

*

டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தபோது சுண்டு தனியாக இல்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஓர் ஆய்வு மாணவி அவளருகில் நின்றிருந்தாள். சுண்டுவைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருக்கலாம். கூச்சத்தோடு பேசினாள்.

"மேடம், வாழ்த்துகள். இவங்ககிட்ட இப்பதான் கேட்டுட்டு இருந்தேன். என்னோட ஆய்வும் இதையொட்டித்தான். ஒரு பேட்டி எடுத்துக்கலாமான்னு..."

சுண்டு அத்தையைப் பார்த்தாள். அவள் முகத்தில் டீச்சர் எதிர்பார்த்த எதுவும் இல்லை.

"என்னைப் பத்தி உள்ள சொன்னீங்களா அத்தை?"

"சொன்னேன்."

"எல்லாரும் என்னையே பார்த்துட்டுப் போறாங்க." குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்."

நான்கு வருடத்தில் மூவாயிரம் பேரின் பெயரைத் தானும் அறியாமல் காத்தவள் டீச்சர்.

மாணவி சங்கடத்தோடு ஒரு தாளை நீட்டினாள். "கட்டாயம் இல்லை. உங்களுக்குச் சம்மதம்னா மட்டும். இது சம்மதப் படிவம். படிச்சுப் பாருங்க. எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேணாம்னு தோணினா சொல்ல வேணாம். நடுவுல எழுந்து போகணும்னாலும் போகலாம்."

சுண்டு படிவத்தை வாங்கினாள். குழந்தை அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவள் ஒவ்வொரு வரியாக, உதடு அசையாமல், இரண்டு பக்கத்தையும் முழுக்கப் படித்தாள். நடுவில் எழுந்து போகலாம் என்ற வரியில் விரலை வைத்து, "இது நிஜமா?" என்று கேட்டாள்.

"நிஜம்தான்."

"சரி. பேசறேன்." பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

மாணவி கீழே இன்னொரு கோட்டைப் பார்த்தாள். "பதினெட்டு ஆகலை இல்ல? அப்ப பாதுகாவலர் கையெழுத்தும் வேணும். அம்மா வந்திருக்காங்களா?"

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நாத்தனார் தம்பியின் தோளில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். சுண்டு அதைப் பார்த்தாள். பிறகு பேனாவை அத்தையிடம் நீட்டினாள்.

"இவங்களே போடுவாங்க. இவங்க வீட்டுலதானே இருக்கேன்."

டீச்சர் சுவரில் தாளை வைத்துக் கையெழுத்திட்டாள். பேட்டியில் சொல்லப்படும் எதையும் தனக்குத் தெரிவிக்குமாறு கேட்க மாட்டேன் என்று அந்தக் கோட்டுக்கு மேலே அச்சிட்டிருந்தது. தன் ஆய்வுக்கும் அதே படிவத்தைத்தான் பயன்படுத்தியிருந்தாள்.

"பிடிங்க அத்தை," என்று சுண்டு குழந்தையைக் கழற்றிக் கொடுத்தாள். அது வர மறுத்துக் கால்களால் அவள் இடுப்பைக் கவ்விக்கொண்டது. அவள் ஒவ்வொரு காலாகப் பிரித்தாள். பிறகு மாணவியோடு எதிர் வகுப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கணவர் அரங்கிலிருந்து எட்டிப் பார்த்தார். கண்கள் சிவந்திருந்தன. "போட்டோ எடுக்கணுமாம். எல்லாரும் நிக்கறாங்க. குழந்தையை அவகிட்ட குடுத்துட்டு வா."

"அவ பேசிட்டு இருக்கா," என்றாள் டீச்சர்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"தெரியல. நீங்க எடுத்துக்கோங்க."

குழந்தை சாத்திய கதவைப் பார்த்துக் கை நீட்டி அழுதது. டீச்சர் அதைத் தோளில் போட்டுத் தட்டினாள். தட்டும் விதம் அதற்குப் பழக்கமில்லை, அழுகை கூடியது. அவள் தாழ்வாரத்தின் கடைசிவரை நடந்தாள், திரும்பி வந்தாள், மறுபடி நடந்தாள். கதவுக்கு அருகே வரும்போதெல்லாம் உள்ளே சுண்டுவின் குரல் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. இரண்டரை வருடத்தில் அவள் இவ்வளவு நேரம் நிறுத்தாமல் பேசி டீச்சர் கேட்டதே இல்லை. அரங்கில் விளக்குகளை அணைத்துவிட்டு எல்லோரும் கீழே இறங்கிப் போன பிறகும் அந்தக் குரல் தொடர்ந்துகொண்டிருந்தது.